திருடனைக் காட்டியவருக்கே தண்டனை

2021 நவம்பர் மாதக் கடைசி. காலைச் செய்தி நேரம். கோவிட் செய்திகளை வாசித்து வாசித்து நாக்கே தேய்ந்து போயிருந்த காலம் அது. "தென்னாப்பிரிக்காவில் தோன்றிய புதிய வகைக் கிருமி" என்று தொடங்கினேன். எந்தெந்த நாட்டுப் பயணிகளுக்கு மலேசியா கதவை அடைத்திருக்கிறது என்று ஒரு பட்டியல் வாசித்தேன். அப்படியே வானிலைக்குத் தாவி, ஒரு பாட்டையும் போட்டுவிட்டேன்.

பாட்டு முடிவதற்குள் நிலையத்துத் தொலைபேசி அடித்தது. ஈப்போவிலிருந்து ஒரு பெரியவர். அரசாங்க மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பாட்டு கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, தென்னாப்பிரிக்காவுல தோன்றியதுன்னு சொன்னியே, யாரும்மா உன்கிட்ட சொன்னது?"

"செய்தியில அப்படித்தான் ஐயா வந்துச்சு."

"செய்தியில 'கண்டறியப்பட்ட'ன்னு இருந்திருக்கும். நீ 'தோன்றிய'ன்னு மாத்திட்ட. வீட்டுக்குள்ள திருடன் வந்துட்டான்னு கத்துறவனையே பிடிச்சு, நீதான்டா திருடன்னு கட்டிப்போட்டா எப்படி? அதைத்தான் இப்ப எல்லா நாடும் பண்ணுது. நீயும் சேர்ந்து பண்ற."

கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் விடைத்தாளில் சிவப்பு மையால் வட்டம் போடுவது போலத்தான் இருந்தது. அழைப்பை வைத்ததும் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். ஆங்கிலச் செய்தியில் சரியாகத்தான் இருந்தது. மொழிபெயர்த்தது நான். ஒலிபரப்புத்துறை படித்த காலத்தில் 'ஒரு சொல் மாறினால் செய்தியே மாறும்' என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவளும் நான்தான்.

அவர் கடைசியாக ஒன்று சொன்னார். "கிருமி தானா வந்து கையைத் தூக்காதும்மா. அதைப் பார்க்கிற கண்ணு வேணும். அந்தக் கண்ணு அங்க எப்படி வந்துச்சுன்னு படிச்சுப் பாரு."

படித்துப் பார்த்தேன். அன்று தொடங்கியது, இன்னும் விட்டபாடில்லை.

கத்தியவன் கதை

ஓமிக்ரான் விஷயத்தில் நடந்தது இதுதான். தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாநிலத்தில் பரிசோதனை செய்துகொண்டிருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில், வழக்கமாகத் தெரிய வேண்டிய மூன்று அடையாளங்களில் ஒன்று மட்டும் திடீரென்று பல மாதிரிகளில் காணாமல் போனது. 'இயந்திரக் கோளாறாக இருக்கும்' என்று யாரும் தள்ளிவிடவில்லை. மாதிரிகள் மரபணு வரிசை படிக்கும் இடங்களுக்குப் போயின. பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் சிக்குலிலே மோயோவின் ஆய்வுக்கூடமும் அதே விநோதத்தைத் தனியாகக் கண்டது. சில நாள்களில், நவம்பர் 25ஆம் தேதி, பேராசிரியர் துலியோ டி ஒலிவேரா உலகத்துக்கு அறிவித்தார். பிரேசிலில் பிறந்தவர், டர்பனில் முனைவர் பட்டம் பெற்றவர். மறுநாளே உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு ஓமிக்ரான் என்று பெயர் வைத்தது.

பரிசு உடனே கிடைத்தது. நாடுகள் வரிசையாகக் கதவை மூடின. நம் மலேசியாவும் பக்கத்துச் சிங்கப்பூரும் தென்பகுதி ஆப்பிரிக்க நாடுகள் ஏழுக்குத் தடை போட்டன. விமானங்கள் நின்றதால் அந்த ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டிய ரசாயனப் பொருள்கள் வருவதே சிக்கலாகும் நிலை. டி ஒலிவேரா அந்தக் கவலையை வெளிப்படையாகவே சொன்னார். இதில் வேடிக்கை என்னவென்றால், சில நாள் கழித்து நெதர்லாந்து ஒரு செய்தி வெளியிட்டது. நவம்பர் 19, 23 தேதிகளில் அங்கே எடுத்து வைத்திருந்த மாதிரிகளிலேயே ஓமிக்ரான் இருந்ததாம். அதாவது, உலகம் கதவைச் சாத்துவதற்கு முன்பே அது ஐரோப்பாவில் உலவிக்கொண்டிருந்தது. அங்கே முதலில் கண்ணில் படவில்லை, இங்கே பட்டது. அவ்வளவுதான்.

டர்பனுக்கும் நமக்கும்

டர்பன் என்ற பெயர் நம்மில் பலருக்குப் பழக்கம். மதராஸிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி அங்கேதான் ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலில் இறக்கியது. நம் பாட்டன் பூட்டன் ரப்பர் காட்டுக்கு வந்தது போல, அவர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். நூறு வருடம் கழித்து, நிறவெறி அரசாங்கம் 1961இல் அவர்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கியது. எங்கே தெரியுமா? துறைமுகத்து சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கொட்டகைகளில். மாணவர்கள் படகேறிப் போய்ப் படித்தார்கள். 'உங்களுக்கு இது போதும்' என்ற எண்ணத்தில் கொடுக்கப்பட்ட கல்வி அது. பின்னர் அது டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. டி ஒலிவேரா முதலில் மரபணு ஆய்வு மையம் அமைத்ததும் இதே பல்கலைக்கழகத்தில்தான், 2017இல்.

ஆனால் 'கண்' அன்றே திறந்துவிடவில்லை. அதற்கு முப்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1990களின் தொடக்கம். எய்ட்ஸ் பற்றி உலகம் முழுவதும் பேச்சு. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த இளம் ஆய்வாளர் குவாரைஷா அப்துல் கரீம், தன் ஊர்ப் பக்கத்து மக்களிடையே ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். முடிவைப் பார்த்ததும் ஒரு விஷயம் உறுத்தியது. பதின்ம வயதுப் பெண்களிடம் எச்ஐவி தொற்று, அதே வயதுப் பையன்களைவிட மிக அதிகமாக இருந்தது. ஏன்? தங்களைவிட வயதில் மூத்த ஆண்களிடமிருந்து பெண்களுக்குத் தொற்றுகிறது. கணவனையோ துணைவனையோ கட்டாயப்படுத்த முடியாத பெண், தன்னைத் தானே காத்துக்கொள்ள என்ன வழி?

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் கேள்வி முதலில் தோன்றியிருக்காது. அந்த ஊர்ப் பெண்களோடு பேசியவருக்குத்தான் தோன்றும். அவரும் கணவர் சலீம் அப்துல் கரீமும் அந்தக் கேள்வியை விடவே இல்லை. 2002இல் டர்பனில் கேப்ரிசா என்ற ஆய்வு மையம் பிறந்தது. பெண்களே பயன்படுத்தக்கூடிய ஒரு களிம்பை 889 பெண்களிடம் சோதித்து, தொற்று 39 விழுக்காடு குறைந்ததாக 2010இல் வியன்னா மாநாட்டில் அறிவித்தார்கள். அரங்கமே எழுந்து கை தட்டியது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் சினிமா. முடியவில்லை. 2015இல் வேறொரு பெரிய ஆய்வு, அதே களிம்பு நடைமுறையில் பலன் தரவில்லை என்றது. வழக்கமாக, விடாமல் பயன்படுத்துவது பல பெண்களுக்கு முடியவில்லை. அந்த ஆய்வை நடத்தியதும் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள்தான். தங்கள் ஊருக்குப் பெருமை சேர்த்த முடிவையே மறுபடி சோதித்து, 'போதாது' என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். எனக்குப் பிடித்த இடம், அந்தக் கைத்தட்டலைவிட, இதுதான்.

அதற்குப் பிறகும் கேள்வி சாகவில்லை. தினமும் ஞாபகமாகச் செய்ய வேண்டியது கஷ்டம் என்றால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதுமானது ஏதாவது உண்டா? 2024இல் கேப் டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்டா-கெயில் பெக்கர் விடையோடு வந்தார். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் பங்கெடுத்த ஆய்வு. லெனகாபவிர் என்ற அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூட எச்ஐவி தொற்றவில்லை. பூஜ்யம்! மருந்து அமெரிக்க நிறுவனத்துடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வில் பங்கெடுத்த பெண்களின் ஊரில் அது என்ன விலைக்கு, எப்போது கிடைக்கும் என்பது தனிச் சண்டை.

இந்த முப்பது வருடத்தில் குவாரைஷா இன்னொரு வேலையும் செய்தார். 1993 முதல், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து நடந்த ஒரு பயிற்சித் திட்டத்தில் 600க்கும் மேற்பட்ட தென்பகுதி ஆப்பிரிக்க ஆய்வாளர்களை உருவாக்கினார்கள். எச்ஐவிக்காகவும் காசநோய்க்காகவும் இப்படிப் பழகிய கைகளும் கூடங்களும் அங்கே ஏற்கெனவே இருந்ததால்தான், 2020இல் கோவிட் வந்தபோது அந்த நாடு புதிதாக அரிச்சுவடி படிக்க வேண்டியிருக்கவில்லை. ஈப்போ ஐயா கேட்ட 'கண்' இப்படித்தான் வந்தது.

யாருடைய கேள்வி?

எல்லா இடத்திலும் இப்படியா என்றால், இல்லை.

நான் மேற்கல்வி படித்தபோது உகாண்டாவைச் சேர்ந்த ஒருவர் உடன் படித்தார். வகுப்பு முடிந்தால் எல்லோரும் மாமாக் கடைக்கு ஓடுவோம். அவர் நூலகத்துக்கு ஓடுவார். விடிய விடிய ஆய்வுக் கட்டுரைகளைத் தரவிறக்கம் செய்து சேமித்துக்கொண்டே இருப்பார். "இத்தனையும் எப்போ படிக்கப் போறீங்க?" என்று கிண்டலடித்தேன். "எனக்கு மட்டும் இல்லை. ஊர்ல என் துறையில பதினோரு பேர் இருக்காங்க. இங்க இருக்கிற சந்தா அங்க இல்லை" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றிரவு என் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். (அது சரியா தவறா என்று யாரும் கேட்க வேண்டாம்.)

அவர் படித்தது மக்கெரெரே பல்கலைக்கழகத்தில். கம்பாலாவில் 1922இல் தொழிற்பள்ளியாகத் தொடங்கியது. கிழக்காப்பிரிக்காவின் அறிவுத் தலைநகர் என்று பேர் வாங்கியது. சினுவா அச்செபே, வோலே சோயிங்கா, கூகி வா தியாங்கோ போன்றவர்கள் இளைஞர்களாக ஒன்றுகூடிய 1962ஆம் ஆண்டின் எழுத்தாளர் மாநாடு அங்கேதான் நடந்தது. அப்புறம் இடி அமின் வந்தார். 1972இல் ஆசியர்களை விரட்டினார். பேராசிரியர்கள் பலர் ஓடினார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள்.

துப்பாக்கி செய்ததைவிடக் கணக்குப் புத்தகம் செய்ததுதான் நீண்ட காயம் என்கிறார் என் நண்பர். 1980களில் உலக வங்கி ஆப்பிரிக்க அரசாங்கங்களுக்குச் சொன்ன ஆலோசனை எளிமையானது: தொடக்கப்பள்ளியில் போடும் பணத்துக்குத்தான் பலன் அதிகம், பல்கலைக்கழகத்தில் போடுவதற்குக் குறைவு. கடன் வாங்கியவர்கள் எதிர்த்துப் பேச முடியுமா? பல்கலைக்கழக நிதி சுருங்கியது. மக்கெரெரே 1990களில் கட்டணம் கட்டும் மாணவர்களை அள்ளிச் சேர்த்தது. சில வருடங்களில் அவர்களே பெரும்பான்மை. பகலில் ஒரு வகுப்பு, மாலையில் அதே வகுப்பு. சம்பளம் கொஞ்சம் உயர்ந்தது. ஆய்வுக்கு நேரம் போனது.

இதை நுணுக்கமாக எழுதியவர் மஹ்மூத் மம்தானி. 2025இல் நியூயார்க் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸோரான் மம்தானியின் அப்பா என்றால் இப்போது பலருக்குச் சட்டென்று புரியும். மும்பையில் பிறந்து உகாண்டாவில் வளர்ந்தவர்; 1972இல் விரட்டப்பட்டவர்களில் ஒருவர்; திரும்பி வந்தவரும்கூட. மக்கெரெரே எப்படிச் சந்தைக்கடை ஆனது என்று 2007இல் ஒரு புத்தகமே போட்டார். 2010இல் அங்குள்ள சமூக ஆய்வு நிலையத்துக்கு இயக்குநராகப் பொறுப்பேற்றபோது அவர் பார்த்த காட்சி: பெயர் ஆய்வு நிலையம், நடப்பது ஆலோசனைத் தொழில். வெளிநாட்டு நிதி அமைப்பு கேள்வியை எழுதி அனுப்பும், இங்குள்ளவர் ஊர் ஊராகப் போய்ப் புள்ளிவிவரம் சேகரித்துக் கொடுப்பார், காசோலை வரும்.

மம்தானியின் வாதம் சுருக்கமாக இதுதான். விடை தேடுவது பாதி வேலை. கேள்வியை யார் எழுதுகிறார்கள் என்பதுதான் மீதி. அதை விட்டுக்கொடுத்தால் பல்கலைக்கழகம் என்பது விவரம் சேகரிக்கும் கங்காணி ஆபீஸ். ('கங்காணி' என் சொல். அவர் சொல்லவில்லை. தோட்டத்துக்காரர் பேத்திக்கு வேறு உவமை வரவில்லை.)

2012இல் அவர் அங்கேயே ஒரு முனைவர் படிப்பைத் தொடங்கினார். வகுப்பும் வாசிப்பும் வாதமுமாக ஐந்து வருடம். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பாமல் உள்ளூரிலேயே உருவாக்குவது. பாராட்டு வந்தது போலவே வம்பும் வந்தது. வகுப்பு நடத்துவதும் ஆய்வாளரின் கடமை என்றது நிர்வாகம். ஆய்வு செய்யத்தான் வேலைக்குச் சேர்ந்தேன் என்றார் ஓர் ஆய்வாளர். 2016இல் அது தெருவுக்கு வந்து, உலகச் செய்தியானது. நல்ல நோக்கத்தோடு ஒருவர் மேலிருந்து மாற்ற முயன்றாலும், கூட இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

வெந்நீர்க்குடுவையில் போன பெயர்

இந்தத் தேடலில் என்னை உட்கார வைத்த மனிதர் ஒருவர் உண்டு. காங்கோவின் ழான்-ழாக் முயெம்பே.

1976. அப்போது நாட்டின் பெயர் ஸயீர். யாம்புக்கு என்ற ஊரில் என்னவென்றே தெரியாத காய்ச்சலில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கின்ஷாசா பல்கலைக்கழகத்து இளம் பேராசிரியர் முயெம்பே அங்கே போனார். கையுறைகூட இல்லாமல், வெறுங்கையால் நோயாளிகளிடமிருந்து ரத்தம் எடுத்தார். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. சோப்புப் போட்டுக் கழுவினார், பிழைத்தது அதிர்ஷ்டம். நோயுற்ற ஒரு கன்னியாஸ்திரீயைக் கின்ஷாசாவுக்கு அழைத்து வந்தார். அவருடைய ரத்தம், நாம் தேநீர் எடுத்துப்போவோமே, அதே மாதிரியான வெந்நீர்க்குடுவையில் பெல்ஜியத்துக்கு விமானத்தில் பறந்தது. அங்கே நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எபோலா என்று பெயர் சூட்டினார்கள். ரொம்ப காலத்துக்குப் பாடப்புத்தகங்களில் அவர்கள் பெயர்தான் இருந்தது. முயெம்பே பெயர் இல்லை.

அவர் ஊரை விட்டுப் போகவில்லை. 1995இல் கிக்விட் நகரத்தில் எபோலா மறுபடி வந்தபோது, பிழைத்தவர்களின் ரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார். ஏழு பேர் பிழைத்தார்கள். மேல்நாட்டு நிபுணர்கள் பலர் நம்பவில்லை. எட்டுப் பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அவர்கள் சந்தேகப்பட்டதிலும் நியாயம் உண்டு. ஆனால் பல வருடம் கழித்து, அந்தக் கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு மருந்து உருவானது. காங்கோவிலேயே சோதனை நடந்தது. 2020 டிசம்பரில் அமெரிக்கா அதை அங்கீகரித்தது. 1976இல் வெறுங்கையோடு போனவர், 2019இல் ஒரு முடிவெடுத்தார்: இனி ரத்த மாதிரிகள் நாட்டை விட்டுப் போகாது; ஆய்வு செய்ய விரும்புகிறவர்கள் இங்கே வரலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் எபோலா பரவியபோது ஆயிரக்கணக்கான ரத்த மாதிரிகள் வெளிநாடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததை நினைத்தால், அந்த முடிவின் கனம் புரியும்.

அதே 2014இல் நைஜீரியாவில் வேறு மாதிரி நடந்தது. லைபீரியாவிலிருந்து வந்த ஒரு பயணி லாகோஸ் விமான நிலையத்தில் சுருண்டு விழுந்தார். எபோலா என்று உள்நாட்டிலேயே விரைவாக உறுதிசெய்தார்கள். அதில் ரிடீமர்ஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் ஹாப்பி குழுவுக்கும் பங்கு. கோடிக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழும் நகரம் அது. மொத்தம் 20 பேருக்குத் தொற்றி, 8 பேர் இறந்ததோடு அடங்கியது. அந்த அக்டோபர் 20ஆம் தேதி நைஜீரியா எபோலா இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. பிறகு எடே என்ற சிறு ஊரில் இருக்கும் அதே பல்கலைக்கழகத்தின் மரபணு ஆய்வு மையம், 2020 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் முதல் கோவிட் கிருமியின் மரபணு வரிசையைச் சில நாள்களில் படித்து முடித்ததில் முன்னால் நின்றது.

அந்த மையத்தை ஆரம்பத்தில் வளர்த்தது யாருடைய கடன் தெரியுமா? உலக வங்கி! பல்கலைக்கழகம் ஆதாயமில்லை என்று சொன்ன அதே வங்கி, 2000இல் மேற்கல்வியைப் புறக்கணித்தது தவறு என்ற பாணியில் யுனெஸ்கோவோடு ஓர் அறிக்கை வெளியிட்டது. 2014இல் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் உயர்தர மையங்களுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கியது. நடுவில் போன ஒரு தலைமுறை ஆய்வாளர்களுக்கு யார் வட்டி கட்டுவது?

குமாஸ்தாவும் முக்கியம்

பணம் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. நைரோபியிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் உள்ள இரு நிலையங்கள் முன்னின்று 2008இல் தொடங்கிய கார்ட்டா என்ற கூட்டமைப்பு எனக்குப் பிடித்தது. முனைவர் பட்டம் இல்லாமலேயே பாடம் நடத்திக்கொண்டிருக்கும் விரிவுரையாளர்கள் ஆப்பிரிக்காவில் நிறைய. அவர்களை வேலையிலிருந்து பிடுங்காமல், சொந்தப் பல்கலைக்கழகங்களிலேயே ஆய்வு செய்ய விடுகிறார்கள். நடுவில் நான்கு முறை, பல நாட்டவரும் ஓரிடத்தில் சில வாரம் தங்கி, ஒருவர் ஆய்வை மற்றவர் கிழித்துப் போடுகிறார்கள். அதோடு நிற்கவில்லை. நூலகர், பதிவாளர், கணக்குப் பிரிவு ஊழியர்களுக்கும் பயிற்சி! ஒரு ரசாயனப் புட்டி வாங்கும் கடிதம் மூன்று மாதம் மேசையில் தூங்கினால் எந்த மேதையாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பது அலுவலகத்தில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும்.

கேப் டவுன் அருகே மைசன்பர்க் கடற்கரையில் ஒரு பழைய ஹோட்டல். 2003இல் இயற்பியலாளர் நீல் டூரோக் அதை ஆப்பிரிக்கக் கணித அறிவியல் நிலையமாக்கினார். பல நாட்டு மாணவர்களும் பாடம் நடத்த வருபவர்களும் ஒரே கட்டடத்தில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்குச் சந்தேகம் வந்தாலும் பேராசிரியர் கதவைத் தட்டலாம். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். நமக்கும்தான். 'பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே' என்று சொல்லியே வளர்த்துவிட்டு, பல்கலைக்கழகம் போனதும் ஆராய்ச்சி செய் என்றால்?

என் அத்தை மகள் நுண்ணுயிரியலில் முனைவர் படிப்பு தொடரப்போகிறேன் என்றபோது, தீபாவளிப் பலகாரத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி: "இன்னும் படிப்பா?" அவள் என்ன ஆராயப் போகிறாள் என்று யாருமே கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

அரசாங்கங்களும் நம் சொந்தக்காரர்கள் மாதிரிதான். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டை ஆய்வுக்குச் செலவிடுவோம் என்று ஆப்பிரிக்க ஒன்றியம் 2006இல் சொன்னது. பெரும்பாலான நாடுகள் அந்தப் பக்கமே போகவில்லை. நைஜீரியாவில் 2022 பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை, எட்டு மாதம், அரசாங்கப் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளமும் நிதியும்தான் பிரச்சினை. எட்டு மாதம் பூட்டிக் கிடந்த பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகங்களில் இத்தனை நைஜீரிய மாணவர்களைப் பார்க்கிறோமே, அவர்கள் ஏன் இங்கே என்று நாம் யோசித்ததுண்டா? எல்ஆர்டியில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் உட்காராமல் நின்றதுதான் உண்டு.

என் உகாண்டா நண்பர் இப்போது கம்பாலாவில் விரிவுரையாளர். போன வருடம் பேசியபோது ஒரு சர்வதேச ஆய்விதழ் அவர் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். வாழ்த்துச் சொன்னேன். சிரித்தார். எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட வேண்டுமென்றால் எழுதியவர் கட்டணம் கட்ட வேண்டுமாம். இரண்டாயிரம், மூவாயிரம் அமெரிக்க டாலர் என்பது சர்வசாதாரணம். "என் சம்பளம் என்னன்னு கேட்காதே" என்றார். அவர் ஊரைப் பற்றி அவர் எழுதியதை அவர் ஊர்க்காரர்களே படிக்க முடியாது. இன்னமும் யாராவது மேற்கல்விக்கு வெளிநாடு போனால் 'தரவிறக்கம் பண்ணி அனுப்பு' என்று பட்டியல் கொடுத்து அனுப்புகிறார்களாம்.

2024 ஆகஸ்ட் 14ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் குரங்கம்மை நோய்க்காக அவசரநிலை அறிவித்தது. மறுநாள் காலைச் செய்தி என் கையில். காங்கோவின் கிழக்கே கமிதுகா என்ற தங்கச் சுரங்க ஊரில் அந்தப் புதிய வகை தெரிய வந்திருந்தது. என் மேசைத் திரையின் ஓரத்தில் 2021 முதல் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது. பசை போய் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. 'கண்டறியப்பட்ட' என்ற ஒரே சொல்தான் அதில். நிதானமாக வாசித்தேன்: "காங்கோவில் கண்டறியப்பட்ட புதிய வகை..."

பாட்டு போட்டதும் தொலைபேசி அடித்தது. ஈப்போ ஐயாதான். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"இந்தத் தடவை சரியா சொன்னியே."

"உங்க புண்ணியம் ஐயா."

"அது இருக்கட்டும். யார் கண்டறிஞ்சாங்கன்னு பேரைச் சொல்லலையே?"

அடுத்த செய்திக்கு நாற்பது நிமிடம் இருந்தது. தேடிப் பிடித்தேன். கின்ஷாசாவில் முயெம்பேயின் அதே ஆய்வு நிலையம். பிளாசிட் எம்பாலா என்பவரின் குழு. பெயரை எப்படி உச்சரிப்பது என்று பிரெஞ்சு பேட்டி ஒன்றைப் போட்டு நான்கு முறை கேட்டுக்கொண்டேன். எட்டு மணிச் செய்தியில் ஒரு வரி கூடியது.